ஃபிரிட்ஸ் பாதிரியாரின் ஆற்றுப் பயணம்: ஒமாகுவா மக்களும் ஒரு வரைபடமும்

1707ஆம் ஆண்டு ஆண்டீஸ் மலைகளிடையே அமைந்த கீட்டோ நகரில் ஒரு வரைபடம் செப்புத் தகட்டில் செதுக்கப்பட்டு அச்சேறியது. மராஞோன் என்றும் அமேசான் என்றும் அழைக்கப்பட்ட பேராற்றை அதன் மலைமூலம் தொடங்கி அட்லாண்டிக் முகத்துவாரம் வரை காட்டிய அப்படம் எசுப்பானிய மன்னர் ஐந்தாம் பிலிப்புக்குக் காணிக்கையாக்கப்பட்டிருந்தது. வரைந்தவர் சாமுவேல் ஃபிரிட்ஸ் என்னும் ஏசு சபைத் துறவி. அமேசானின் வரைபடக்கலை வரலாற்றை எழுதுவோர் எவரும் அவரைத் தவிர்த்துச் செல்வதில்லை. ஆயினும் அப்படம் எதற்காக வரையப்பட்டது, அதில் புள்ளிகளாகக் குறிக்கப்பட்ட ஊர்கள் பிறகு என்னவாயின என்னும் கேள்விகள் நிலவியல் நூல்களில் ஓரிரு வரிகளுடன் முடிந்துவிடுகின்றன. அவை ஒரு முழு வரலாற்றுக்கு உரியவை.

ஃபிரிட்ஸ் 1654இல் பொகீமியாவின் டிரவுட்டெனாவ் நகரில் பிறந்தார். இன்று அது செக் நாட்டில் உள்ள டிருட்னோவ். 19ஆம் அகவையில் சபையில் சேர்ந்து, 1680களின் நடுவில் ஹைன்ரிக் ரிக்டர் என்னும் தோழருடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். இருவரும் கீட்டோவிலிருந்து மலையிறங்கி மாய்னாஸ் என்னும் காட்டுப் பகுதிக்கு அனுப்பப்பட்டனர். ரிக்டர் உக்காயாலி ஆற்றுப் பகுதிக்குச் சென்றார். 1695இல் அங்கேயே கொல்லப்பட்டார். ஃபிரிட்சுக்கு ஒதுக்கப்பட்டது பெருநதியின் நடுப்பகுதி, ஒமாகுவா மக்களின் நாடு.

இந்த ஒமாகுவா மக்களைக் 'காட்டுவாசிகள்' என்னும் சொல்லால் குறிப்பது பொருந்தாது. அவர்கள் காட்டின் மக்களல்லர், ஆற்றின் மக்கள். நாப்போ ஆறு கலக்கும் இடத்துக்குக் கீழே பல நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு, பெரும்பாலும் ஆற்றின் நடுவிலுள்ள தீவுகளில், அவர்களுடைய ஊர்கள் வரிசையாக அமைந்திருந்தன. ஃபிரிட்சின் காலத்தில் அவ்வூர்கள் 38. ஆண்டுதோறும் வெள்ளம் வந்து தீவுகளை மூழ்கடிக்கும். வடியும்போது வண்டலை விட்டுச் செல்லும். அந்த வண்டலில் மரவள்ளியும் சோளமும் விளையும். கிழங்கை நிலத்தில் குழிதோண்டிப் புதைத்து வைத்து, வெள்ளம் மேலே ஓடி முடிந்த பின் எடுத்து உண்ணும் முறையை 1639இல் அவ்வழியே பயணம் செய்த அக்குஞா என்னும் துறவி வியந்து எழுதியிருக்கிறார். ஆற்றாமைகளைப் பிடித்து வேலியிட்ட குளங்களில் அடைத்து வைத்து, வேண்டும்போது சமைத்தனர். பருத்தி நெய்து வண்ணம் தீட்டிய ஆடை உடுத்தினர். மரப்பாலை இறுகச் செய்து பந்தும் பீச்சுகுழலும் செய்தனர். ஐரோப்பா ரப்பரின் பயனை அறிவதற்கு நெடுங்காலம் முன்பே அவர்கள் அதைக் கையாண்டார்கள். குழந்தை பிறந்ததும் நெற்றியிலும் பின்தலையிலும் பலகை வைத்துக் கட்டித் தலையைத் தட்டையாக்குவது அவர்களுடைய வழக்கம். அதனால் போர்ச்சுக்கீசியர் அவர்களைக் 'கம்பேபா' என்றனர். தட்டைத் தலையர் என்பது அதன் பொருள். (மரவள்ளியும் ரப்பரும் பின்னாளில் அந்த ஆற்றங்கரைகளிலிருந்து கடல் கடந்து கேரளத்துக்கும் குமரிக்கும் வந்து சேர்ந்தன. அவற்றை முதலில் வளர்த்த மக்களின் பெயர்கள் அவற்றுடன் வரவில்லை.)

1542இல் ஒரெயானா என்னும் எசுப்பானியப் படைத்தலைவர் இவ்வாற்றில் இறங்கியபோது கரைநெடுக இடைவெளியின்றி ஊர்கள் இருந்ததாக உடன் சென்ற துறவி பதிவு செய்தார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஃபிரிட்ஸ் கண்ட நாடு அந்த நாடன்று. பெரியம்மை ஐரோப்பியருக்கு முன்னாலேயே ஆற்றில் பயணம் செய்திருந்தது. அதன் பின்னே வந்தது அடிமை வேட்டை.

அமேசான் முகத்துவாரத்தில் போர்ச்சுக்கீசியர் 1616இல் நிறுவிய பாரா நகரம் கரும்பு, புகையிலைத் தோட்டங்களுக்கும் காட்டுப் பொருள் சேகரிப்புக்கும் ஆள் தேடிக்கொண்டே இருந்தது. ஆப்பிரிக்க அடிமைகளை வாங்கப் பணமில்லாத குடியேறிகள் ஆற்றில் மேலேறி மக்களைப் பிடித்து வந்தனர். இதற்குச் சட்டம் ஒரு பெயரும் சூட்டியிருந்தது: 'மீட்பு'. ஓர் இனத்தார் இன்னோர் இனத்தாரைப் போரில் சிறைபிடித்து, கொன்று தின்பதற்காகக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள். அத்தகையோரைப் பொருள் கொடுத்து 'மீட்டு' வந்தால் அவர்கள் மீட்டவருக்கு உழைத்துக் கடன் தீர்க்க வேண்டும் என்பது அதன் வாதம். கயிற்றில் கட்டப்பட்டவர் இல்லாத இடத்தில் கயிற்றைக் கொண்டுசெல்வது எளிது. கோடரிக்கும் கத்திக்கும் ஈடாக ஆட்களைக் கேட்டால், அந்த ஆட்களுக்காகவே புதிய போர்கள் மூண்டன. ஒமாகுவா மக்களும் இதில் முற்றிலும் கைகழுவியவர்களல்லர். அவர்களிடமும் போர்க் கைதிகள் அடிமைகளாக இருந்தனர். ஆனால் 1680களுக்குள் வேட்டை அவர்களுடைய சொந்தத் தீவுகளையே வந்தடைந்துவிட்டது.

இவ்விடத்தில் பலரும் கவனியாது விடும் ஒரு செய்தி உண்டு. ஃபிரிட்ஸ் தாமாகத் தேடிச் சென்ற மறைபரப்பாளர் அல்லர், அழைக்கப்பட்டவர். ஹுவாயாகா ஆற்றங்கரையில் லா லகூனா என்னும் ஊர் மாய்னாஸ் பகுதியின் சபைத் தலைமையிடமாக இருந்தது. 1680களின் தொடக்கத்தில் ஒமாகுவா தூதர்கள் எதிர்நீரோட்டத்தில் துடுப்பு வலித்து அங்கே சென்று, தங்களுக்கு ஒரு குருவை அனுப்புமாறு கேட்டனர். புதிய கடவுளைப் பற்றிய வேட்கை அவர்களுக்கு இருந்ததா இல்லையா என்பதை எந்த ஆவணமும் அவர்களுடைய வாய்மொழியாகச் சொல்லவில்லை. கீழே இருந்து வருவோரின் படகுகளைத் தடுக்கக்கூடிய ஓர் ஆற்றலுடன் உறவு கொள்ள வேண்டும் என்னும் கணக்கு மட்டும் தெளிவாகத் தெரிகிறது. இரும்புக் கருவிகளும் அக்கணக்கில் சேரும். மறைபரப்பு வரலாறுகள் பெரும்பாலும் வந்தவரின் நோக்கத்தையே எழுதுகின்றன. அழைத்தவரின் நோக்கம் அரசியல் அறிவு சார்ந்தது என்பதை ஒப்புக்கொள்ளத் தயங்குகின்றன.

ஆட்பற்றாக்குறையால் அந்த வேண்டுகோளுக்கு விடை கிடைக்கச் சில ஆண்டுகள் ஆயின. 1686இல் ஃபிரிட்ஸ் ஒமாகுவா நாட்டை அடைந்தார். சான் ஹோவாக்கின் என்னும் ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு, தீவு தீவாக ஓடத்தில் சென்று, தங்கி, பெயர் எழுதி, திருமுழுக்களித்து, அடுத்த தீவுக்குச் செல்வதே அவருடைய வாழ்க்கையாயிற்று. ஒமாகுவா மொழி கற்றார். தச்சு வேலையும் ஓவியமும் அறிந்தவர். தாம் கட்டிய கோயில்களுக்குத் தாமே படம் தீட்டினார். ஒமாகுவாக்களுக்கும் கீழே வாழ்ந்த யுரிமாகுவா என்னும் மக்களும் பிற ஆற்றினத்தாரும் அவரை நாடினர். சில ஆண்டுகளுக்குள் அவர் ஒருவரே பார்வையிட வேண்டிய ஆற்றின் நீளம், ஓடத்தில் சென்று திரும்ப மாதங்கள் எடுக்கும் அளவுக்கு விரிந்துவிட்டது.

1689 சனவரி இறுதியில் அவர் யுரிமாகுவா ஊர்களைக் காண இறங்கினார். அங்கே காய்ச்சலும் உடல்வீக்கமும் அவரைச் சாய்த்தன. அது வெள்ளக் காலம். ஊர் முழுவதும் நீரில் மூழ்க, மரப்பட்டைக் கூரையின் கீழ் உயர்த்திக் கட்டிய பரணில் ஏறத்தாழ மூன்று மாதங்கள் அசைய முடியாமல் கிடந்தார். அவருடைய நாட்குறிப்பின் மறக்கவியலாத பக்கங்கள் இவை. பகலில் ஓரளவு தாங்க முடிந்தது. இரவில் உடல் கொதிக்க, வாயருகே ஆறு ஓடியும் எடுத்துக் குடிக்க ஆளில்லாமல் தாகத்தில் தவித்தார். இரவெல்லாம் ஊரைச் சுற்றி முதலைகள் உறுமித் திரிந்தன. ஒருநாள் ஒரு முதலை, வீட்டுக்குள் முனை நீட்டி நின்ற ஓடத்தில் ஏறிவிட்டது. எலிகள் பசி மிகுந்து அவருடைய கரண்டியையும் முள்கரண்டியையும் கத்தியின் பிடியையும் கொறித்துத் தின்றன. நாட்குறிப்பில் இவை தன்னிரக்கமின்றி, ஒரு வகை வறண்ட நகையுடன் சொல்லப்படுகின்றன.

நீர் வடிந்தும் நோய் வடியவில்லை. மேலே, தம் சபையார் இருக்கும் லா லகூனாவுக்கு எதிர்நீரோட்டத்தில் செல்ல உடல் தாங்காது. கீழ்நோக்கிச் சென்றால் நீரே கொண்டுசெல்லும். பாராவில் ஏசு சபைக் கல்லூரி உண்டு, மருத்துவர் உண்டு. போர்ச்சுக்கீசியர் பிடித்துச் சென்ற ஆட்களைப் பற்றி முறையிடவும் செய்யலாம். 1689 சூலை தொடக்கத்தில் புறப்பட்டவர் பத்து வாரங்கள் கழித்து, செப்டம்பர் 11 அன்று, பாராவை அடைந்தார். ஆண்டீஸ் அடிவாரம் முதல் கடல் வரை அந்த ஆற்றின் ஓட்டத்தை அளந்து குறித்த முதல் மனிதராக அவரை ஆக்கியது அந்த நோயாளியின் பயணமே. அவர் கையில் இருந்த கருவி மூன்று அங்குல ஆரமுள்ள ஒரு மரத்தாலான அரைவட்டம். அதைக்கொண்டு குறுக்குக்கோட்டு அளவு எடுக்கலாம். நெடுக்குக்கோட்டுக்கு வேண்டிய ஊசற்கடிகாரமோ தொலைநோக்கியோ அவரிடம் இல்லை.

பாராவில் கல்லூரித் துறவிகள் அவரைக் கவனித்துக் குணப்படுத்தினர். ஆனால் ஆளுநர் அவரைத் திரும்ப விடவில்லை. எசுப்பானிய மன்னரின் ஆட்சிப் பகுதியிலிருந்து, ஆற்றை அளந்துகொண்டு வந்து நிற்கும் ஒருவர் உளவாளியாக இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும் என்பது அவருடைய ஐயம். லிஸ்பனுக்குக் கடிதம் போயிற்று. விடை வரும்வரை ஏறக்குறைய 22 மாதங்கள் ஃபிரிட்ஸ் கல்லூரியிலேயே காவலில் இருந்தார்.

இதில் ஒரு முரண் பொதிந்துள்ளது. அவரைப் பரிவுடன் பேணிய பாரா நகரத்து ஏசு சபையினர், உள்நாட்டு மக்களை அடிமைப்படுத்துவதை எதிர்த்ததற்காகக் குடியேறிகளால் 1661இலும் 1684இலும் அப்பகுதியிலிருந்து விரட்டப்பட்டுத் திரும்பியவர்கள். அதே சபையினர், 1688ஆம் ஆண்டுச் சட்டப்படி, 'மீட்பு'ப் படைகளுடன் சென்று யார் முறைப்படி அடிமையானவர், யார் அல்லாதவர் என்று தீர்ப்பளிக்கும் பொறுப்பையும் ஏற்றிருந்தனர். அடிமைத்தனத்தை ஒழிக்க முடியாதபோது ஒழுங்குபடுத்தலாம் என்று நம்பியவர்கள் அவர்கள். ஒரே சபை ஆற்றின் மேற்பகுதியில் வேட்டையாடப்படுவோரின் காவலாகவும், கீழ்ப்பகுதியில் வேட்டைக்குச் சான்றொப்பமிடும் எழுத்தராகவும் இருந்தது. சபையின் உலகளாவிய ஒற்றுமையைப் பற்றி எழுதுவோர் இதனருகே சற்று நின்று செல்வது நல்லது.

ஃபிரிட்ஸ் காவலில் இருந்த காலத்தில் அவரைப் பற்றி நகரில் பரவிய வதந்திகளை அவரே குறித்து வைத்திருக்கிறார். சிலர் அவரைப் புனிதர் என்றனர், சிலர் சாத்தான் என்றனர். எப்போதும் கையில் சிலுவை ஏந்தியிருந்ததால் எங்கிருந்தோ வந்த மறைமுதல்வர் என்றும், பாரசீகத்தின் தூதர் என்றும் பேச்சு எழுந்தது. பாராவின் கறுப்பின மக்கள், தங்களை விடுவிக்க வந்தவர் இவரே என்று சொல்லிக்கொண்டனர். இந்தக் கடைசி வதந்தியை ஃபிரிட்ஸ் ஓர் அரை வரியில் கடந்துவிடுகிறார். அடிமைகளாக வந்திறங்கிய மக்கள், தங்கள் மொழியறியாத ஒரு பொகீமிய நோயாளியிடம் விடுதலையைக் கண்டார்கள் என்றால் அந்நகரின் நிலை எத்தகையதாக இருந்திருக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

லிஸ்பனிலிருந்து வந்த ஆணை அவருக்குச் சாதகமாகவே இருந்தது: அவரை விடுவித்து அரசுச் செலவில் அவருடைய ஊர்களுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். 1691 சூலையில் ஒரு போர்ச்சுக்கீசியத் தலைவரின் காவலுடன் புறப்பட்டு அக்டோபரில் யுரிமாகுவா நாட்டை அடைந்தார். வழித்துணையாக வந்த படை வெறும் வழித்துணையன்று என்பது அங்கேதான் வெளிப்பட்டது. இந்த நாடு போர்ச்சுகல் மன்னருக்கு உரியது, ஆகவே நீங்கள் இங்கிருந்து விலக வேண்டும் என்று தலைவர் அறிவித்தார்.

அவ்வுரிமைக்குக் காட்டப்பட்ட ஆதாரம் 1639ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பேத்ரோ தெஷேய்ரா என்னும் போர்ச்சுக்கீசியர் பாராவிலிருந்து கீட்டோ வரை ஆற்றில் ஏறித் திரும்புகையில், வழியில் ஓரிடத்தில் போர்ச்சுகலின் பெயரால் நிலத்தை உரிமை கொண்டு எல்லை குறித்திருந்தார். அப்போது இரு நாடுகளுக்கும் ஒரே மன்னர். 1580 முதல் 1640 வரை போர்ச்சுகல் எசுப்பானிய முடியின் கீழ் இருந்தது. தன் மன்னரின் நிலத்தையே தன் மன்னருக்காக உரிமை கொண்ட அந்த விந்தைச் செயல், இரு முடிகளும் பிரிந்த பின் பெருமதிப்புப் பெற்றது. குறியிடப்பட்ட இடம் எது என்பதிலும் உடன்பாடில்லை. போர்ச்சுக்கீசியர் அதை மேற்கே நாப்போ ஆற்றை ஒட்டி வைத்தனர். ஃபிரிட்ஸ் அது நெடுந்தொலைவு கிழக்கே இருப்பதாகவும், 1494ஆம் ஆண்டுத் தொர்தெசில்லாஸ் உடன்படிக்கைப்படி ஆறு முழுவதும் எசுப்பானியாவுக்கே உரியது என்றும் வாதிட்டார். அவருடைய வரைபடம் இந்த வாதத்தின் ஒரு பகுதி. கோடுகளின் நேர்த்திக்காகப் பின்னாளில் போற்றப்பட்டது. வரையப்பட்டபோது அது ஒரு வழக்கின் ஆவணம்.

அந்த வழக்கை எடுத்துக்கொண்டு அவர் லீமாவுக்குச் சென்றார். லா லகூனாவிலிருந்து ஆற்றேறி, மலையேறி, மோயோபாம்பா, சாச்சாபோயாஸ், காஹமார்க்கா வழியாகப் பசிபிக் கரையில் இறங்கி, 1692 சூலையில் அரசப் பிரதிநிதியின் தலைநகரை அடைந்தார். உயரமும் ஒல்லியுமான உருவம், சுருண்ட தாடி, முழங்காலுக்குச் சற்றே கீழிறங்கும் பனைநார் அங்கி, சணல் செருப்பு, கையில் மரச்சிலுவை, உடன் சில ஆற்று மக்கள். லீமா மாநகரம் அவரை வேடிக்கை பார்க்கத் திரண்டது. அதே சபையின் மதுரை மிஷனில் தொண்டாற்றிய ஜான் தெ பிரிட்டோ என்னும் அருளானந்தர் ஓரியூரில் கொல்லப்பட்டது, ஃபிரிட்ஸ் லீமாவில் விடைக்காகக் காத்திருந்த 1693 பிப்ரவரியில்.

ஃபிரிட்ஸ் கேட்டது பெரிதன்று. அடிமை வேட்டையைத் தடுக்கச் சிறு காவற்படை; எல்லையை உறுதிசெய்ய ஓர் அரசாணை. அரசப் பிரதிநிதியான மோன்குலோவா பிரபு அவரை மரியாதையுடன் வரவேற்றார். கோயில்களுக்கு மணியும் திருவுடைகளும் வாங்கப் பொருள் கொடுத்தார். படை மட்டும் கொடுக்கவில்லை. அவர் சொன்ன காரணத்தின் சாரம் இது: போர்ச்சுக்கீசியரும் கத்தோலிக்கரே, அத்துடன் போர்க்குணமுடையவர்கள், அந்தக் காடுகளால் அரசுக்கு உலகியல் வருவாய் எதுவும் இல்லை, வருவாய் தரும் வேறு பகுதிகளே காவலின்றிக் கிடக்கின்றன. பொட்டோசியின் வெள்ளியில் நின்ற ஓர் ஆட்சிக்கு இது இயல்பான கணக்கு. தூது அனுப்பிப் பாதுகாப்புக் கேட்ட 38 தீவு ஊர்களுக்கு, அவர்கள் கேள்விப்பட்டிராத ஒரு நகரில், அவர்கள் காணாத ஒருவர் கொடுத்த விடை அது. ஃபிரிட்ஸ் 1693 மே இறுதியில் மணிகளுடன் திரும்பினார்.

அடுத்த பத்தாண்டுகள் மெல்ல நழுவிய காலம். 1697இல் போர்ச்சுக்கீசியக் கார்மேல் சபைத் துறவி ஒருவர் படைவீரருடன் யுரிமாகுவா ஊருக்கு வந்து, இனி இவ்வூர்கள் தம் பொறுப்பு என்றார். கையில் படையில்லாத ஃபிரிட்ஸ் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார். ஒமாகுவா மக்களிடமும் மனமாற்றம் வந்தது. பாதுகாப்புக்காக அழைத்தவர் பாதுகாப்பைக் கொண்டுவரவில்லை. மாறாக, தீவுகளில் சிதறி வாழ்ந்தோரைக் கரையில் ஓரிடத்தில் கூட்டிக் குடியமர்த்தும் முயற்சி நடந்தது. சிதறிக் கிடந்தால் கண்டுபிடிக்கக் கடினமான மக்கள், கோயிலைச் சுற்றி ஒரே ஊராக அமர்ந்தால் வேட்டைக்காரனுக்கும் எளிது, பெரியம்மைக்கும் எளிது. ஆண்டுமுழுவதும் பயிரிடக்கூடிய மேட்டுநிலம் என்று துறவிகள் கருதிய இடம், வண்டல் உழவில் பழகியவர்களுக்கு வறண்ட மண்.

1701இல் பாயோரேவா என்னும் தலைவரின் கீழ் ஒமாகுவாக்கள் கிளர்ந்தனர். இதற்கு ஃபிரிட்ஸ் எடுத்த நடவடிக்கை அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்களுக்குச் சங்கடமானது: மேலே போர்ஹா நகரிலிருந்து எசுப்பானியப் படைவீரரை வரவழைத்தார். லீமா தர மறுத்த படை, வேட்டைக்காரருக்கு எதிராக வராத படை, வேட்டையாடப்பட்டோருக்கு எதிராக வந்தது. எண்ணிக்கையில் சிறியதுதான், ஆயினும் போதுமானதாக இருந்தது. பாயோரேவா சிறைபிடிக்கப்பட்டார். பின்னர் தப்பித் திரும்பி, தம் மக்களில் பெரும்பகுதியினரைக் குருவின் ஊர்களிலிருந்து விலக்கி ஜுருவா ஆற்றுப் பக்கம் அழைத்துச் சென்றார். அந்த ஊர்களில் இருந்து வாழ்வதைவிட, அவற்றை நீங்கிப் பிழைப்பதே மேல் என்று ஒரு மக்கள் தலைவர் எடுத்த முடிவு அது. மறைபரப்பு ஆவணங்கள் அவரைத் துரோகி என்கின்றன. அந்தச் சொல்லை அப்படியே எடுத்தாளும் இன்றைய நூல்கள், தூதனுப்பிக் குருவை அழைத்ததும் படகேறி விலகியதும் ஒரே நோக்கம் கொண்ட இரு செயல்கள் என்பதைக் காணத் தவறுகின்றன.

1704இல் ஃபிரிட்ஸ் மாய்னாஸ் முழுமைக்கும் சபைத் தலைவரானார். ஒமாகுவா ஊர்களின் பொறுப்பு சான்னா என்னும் சார்தீனியத் துறவிக்குச் சென்றது. 1707இல் வரைபடம் அச்சாயிற்று. அச்சான இரண்டே ஆண்டுகளில் அது காட்டிய நாடு இல்லாது போயிற்று. 1709இல் போர்ச்சுக்கீசியர் இறுதி எச்சரிக்கை விடுத்தனர். எசுப்பானியர் ஒருமுறை படையுடன் இறங்கிச் சில ஊர்களைத் தாக்கினர். அதற்குப் பதிலடியாகப் பாராவிலிருந்து பெரும்படை ஏறி வந்தது. சான்னா சிறைபிடிக்கப்பட்டார். ஒமாகுவா, யுரிமாகுவா ஊர்கள் எரிந்தன, கலைந்தன. தப்பியவர்கள் கார்மேல் துறவிகளின் கீழ் போர்ச்சுக்கீசியப் பக்கம் தங்கினர். அல்லது காட்டுக்குள் மறைந்தனர். அல்லது எதிர்நீரோட்டத்தில் மேற்கே சென்றனர்.

மேற்கே சென்ற யுரிமாகுவாக்களை ஃபிரிட்ஸ் ஹுவாயாகா ஆற்றங்கரையில் குடியமர்த்தினார். அவர்களுடைய பழைய ஊர்களுக்கும் புதிய இடத்துக்கும் இடையே ஆற்றுவழித் தொலைவு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். பெரு நாட்டில் இன்று யுரிமாகுவாஸ் என்னும் துறைமுக நகரம் அங்கே உள்ளது. மலையிலிருந்து வரும் சாலை முடிந்து ஆற்றுவழி தொடங்கும் இடம் அது. இக்கிட்டோஸ் செல்லும் சரக்குப் படகுகள் அங்கிருந்து புறப்படுகின்றன. நகரின் பெயருக்கு உரியவர்கள் எங்கிருந்து, ஏன் வந்தார்கள் என்பதைப் பயணிகள் கேட்பது அரிது. ஃபிரிட்ஸ் 1720களின் நடுவில் ஹெபெரோஸ் என்னும் சிற்றூரில் மறைந்தார்.

வரைபடத்துக்கு நீண்ட ஆயுள் கிடைத்தது. பூமியின் வடிவத்தை அளக்க வந்த பிரெஞ்சு அறிவியலர் லா கோந்தமீன் 1743இல் அமேசானில் இறங்கியபோது அது அவர் கையில் இருந்தது. ஃபிரிட்சின் நெடுக்குக்கோட்டுப் பிழைகளைச் சுட்டிய அவர், தம் படத்தில் பழைய படத்தின் கோடுகளையும் சேர்த்துக் காட்டி, வேறுபாட்டை எவரும் காணச் செய்தார். நோயுற்ற ஒருவர் ஒரு மர அரைவட்டத்தைக்கொண்டு செய்தது இது என்பதையும் மறவாமல் எழுதினார். ஆற்றங்கரையில் எசுப்பானியப் பக்கத்தின் உரிமையை நிலைநாட்ட வரைந்த படம் அப்பணியை மட்டும் நிறைவேற்றவில்லை. 1750ஆம் ஆண்டு மத்ரித் உடன்படிக்கை, யார் நிலத்தில் இருக்கிறாரோ அவருக்கே நிலம் என்னும் கொள்கையை ஏற்றது. ரியோ நெக்ரோவின் முகத்துவாரம் வரை ஃபிரிட்ஸ் கோரிய நாடு பிரேசிலின் பகுதியாயிற்று. இன்று பெரு, கொலம்பியா, பிரேசில் ஆகிய மூன்று நாடுகளும் ஆற்றங்கரையில் தொட்டுக்கொள்ளும் தபட்டிங்கா எல்லை, அந்தச் சில பத்தாண்டு இழுபறியின் எச்சம். அதற்குக் கீழே பிரேசிலுக்குள் இருக்கும் சாவ் பாவுலோ தெ ஒலிவென்சா நகரம், ஃபிரிட்சின் சான் பாப்லோ ஊரின் வழிவந்தது.

அவருடைய நாட்குறிப்பு நெடுங்காலம் கையெழுத்துப் படியாகவே கிடந்து, 1922இல் ஜார்ஜ் எட்மண்ட்சனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஹாக்லூட் கழக வெளியீடாக வந்தது. அதைவிட ஆய்வுக்குப் பயன்பட்டவை வேறு சில தாள்கள். ஏசு சபையினர் ஒமாகுவா மொழியில் எழுதிய மன்றாட்டும் மறைக்கல்வி வினாவிடையும் படிகளாகப் பிழைத்தன. கடவுள் எத்தனை பேர், உலகைப் படைத்தவர் யார் என்னும் கேள்வி விடைகளுக்குள், பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு ஒமாகுவா இலக்கணம் பொதிந்திருந்தது. அண்மைக் காலத்தில் லெவ் மைக்கேல், சக்கரி ஓஹாகன் ஆகிய மொழியியலர்கள் அவற்றைச் சொல் சொல்லாகப் பகுத்து, பெருவில் எஞ்சியிருந்த மிகச் சில முதிய ஒமாகுவாக்களின் பேச்சுடன் ஒப்பிட்டனர். பேச்சில் தேய்ந்துபோன சில உருபுகள் வினாவிடையில் முழுமையாக இருந்தன.

பெருவில் இக்கிட்டோஸ் நகருக்கு மேலே, ஆற்றங்கரையில், சான் ஹோவாக்கின் தெ ஒமாகுவாஸ் என்னும் சிற்றூர் இன்றும் இருக்கிறது. அது ஃபிரிட்ஸ் அமைத்த இடத்தில் இல்லை; பலமுறை பெயர்ந்து அங்கே வந்து சேர்ந்தது. எல்லைக்கு அப்பால் பிரேசிலில், பல தலைமுறைகளாகத் தம் பெயரை வெளியில் சொல்லாமல் வாழ்ந்த குடும்பங்கள் இப்போது தம்மை ஒமாகுவா-கம்பேபா என்று பதிவுசெய்துகொள்கின்றன. தட்டைத் தலையர் என்று போர்ச்சுக்கீசியர் வைத்த பெயரைத் தம் பெயருடனேயே சேர்த்து எழுதுகின்றன.